மாலத்தீவில் ஆசிரியர் வேலை: பள்ளி கொடுக்கும் வீடு எப்படி இருக்கும்? மனைவி, குழந்தையோடு போகலாமா?

கேள்வி கேட்ட தம்பிக்கு மாலத்தீவில் ஒரு தீவுப் பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது. ஆஃபர் லெட்டரில் வீட்டைப் பற்றி ‘இலவசத் தங்குமிடம் வழங்கப்படும்’ என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறதாம். அதற்குள் என்னென்ன அடங்கும், 3 வயதுக் குழந்தையோடு போகலாமா என்று கேட்டிருக்கிறார்.

நான் 2013 ஜனவரியில் கணக்கு டீச்சராக அங்கே போனேன். தலைநகர் மாலேயிலிருந்து உள்நாட்டு விமானத்தில் வடக்கே ஹனிமாதூ தீவு வரை போய், அங்கிருந்து ஸ்பீட் போட்டில் ஏற வேண்டிய சின்னத் தீவு. நாலு வருடம் அங்கே, அப்புறம் இரண்டு வருடம் தலைநகர்ப் பக்கம். இந்த ஆறு வருடத்தில் பள்ளி கொடுத்த மூன்று இடங்களில் தங்கியிருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ‘இலவசம்’ என்ற சொல்லை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த வீடு உங்கள் சம்பளத்தில் ஒரு பங்கு. பணமாகக் கையில் தராமல் கூரையாகத் தருகிறார்கள், அவ்வளவுதான். எனக்கு இது அப்போது உறைக்கவில்லை. சும்மா கொடுக்கிறார்கள், இதில் போய் என்ன கேட்பது என்று கூச்சப்பட்டே முதல் வருடம் முழுக்கக் கழிந்தது. சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில் வரும் என்று கேட்க நாம் கூச்சப்படுவதில்லை அல்லவா? வீட்டையும் அதே மாதிரிக் கேளுங்கள்.

தீவில் ‘அக்காமடேஷன்’ என்றால் நம் ஊர் குவார்ட்டர்ஸ் மாதிரித் தனி வீட்டை நினைத்துக்கொள்ளாதீர்கள். சில தீவுகளில் பள்ளியை ஒட்டியே டீச்சர்ஸ் குவார்ட்டர்ஸ் உண்டு. எனக்குக் கிடைத்தது ஊர்க்காரர் ஒருவர் வீட்டில், பள்ளி வாடகைக்கு எடுத்திருந்த ஓர் அறை. அங்கே வீட்டுக்குக் கதவு எண் கிடையாது, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெயர்தான். ‘கே’ என்றால் அவர்கள் திவெஹி மொழியில் வீடு. ரோஜாவோ கடலோ நட்சத்திரமோ, எதையாவது முன்னால் வைத்துக் ‘கே’யில் முடிப்பார்கள். அதுதான் விலாசம்.

அறையில் கட்டில், மெத்தை, ஓர் அலமாரி, ஃபேன் இருந்தன. குளியலறைக்குக் கூரையே இல்லை. சுற்றி ஆளுயரச் சுவர், தரையில் வெள்ளை மணல், ஓரத்தில் ஒரு வாழை, மேலே வானம். இந்த மாதிரி குளியலறைக்கு அங்கே கிஃபிலி என்று பெயர். முதல் நாள் இரவு டார்ச்சோடு உள்ளே போய் அண்ணாந்து பார்த்தபோது அழுகை வந்துவிட்டது. ஒரு மாதம் கழித்து, நிலா வெளிச்சத்தில் அங்கே குளிப்பது எனக்குப் பிடித்துப்போயிற்று. மழை நாளில் மட்டும் கஷ்டம்.

வீட்டுக்கார அம்மாவை எல்லாரும் ‘தத்தா’ என்றார்கள். திவெஹியில் அப்படியென்றால் அக்கா. என் இலங்கை முஸ்லிம் தோழி ஒருத்தியும் அவள் அக்காவைத் ‘தாத்தா’ என்றுதான் கூப்பிடுவாள் என்பதால் எனக்கு அது சட்டென்று ஒட்டிக்கொண்டது. விடிவதற்கு முன்னே ஈர்க்குமாற்றால் முற்றத்து மணலைக் கூட்டும் சத்தம் கேட்கும். என் பாட்டி வீட்டில் கேட்ட அதே சத்தம்.

இனித் தண்ணீர். இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் சொல்லி அனுப்புவதில்லை.

தீவில் இரண்டு வகைத் தண்ணீர். ஒன்று வாரேஃபென், அதாவது மழைத் தண்ணீர். கூரையிலிருந்து குழாய் போட்டுத் தொட்டியில் பிடித்து வைத்திருப்பார்கள். குடிக்கவும் சமைக்கவும் அதுதான். இன்னொன்று கிணற்றுத் தண்ணீர். பவளத் தீவுகளில் மணலுக்குக் கீழே கடல் நீரின் மேல் ஒரு மெல்லிய அடுக்காகத்தான் நல்ல நீர் மிதக்கிறது. ஆட்கள் கூடக் கூட, மோட்டார் வைத்து இறைக்க இறைக்க, அது உப்பேறுகிறது. கழிவுநீரும் அதில்தான் போய்ச் சேரும். 2004 சுனாமியில் பல தீவுகளில் கிணறுகள் கெட்டுப்போயின. எங்கள் வீட்டுக் குழாயைத் திறந்தால் முதலில் அழுகிய முட்டை வாடைதான் வரும். சோப்பு நுரைக்காது. நான் கொண்டுபோன மூன்று வெள்ளைச் சுடிதார்களும் இரண்டே மாதத்தில் பழுப்பு மஞ்சளாகிவிட்டன. கடைசி அலசலுக்கு மட்டும் அரை வாளி மழைத் தண்ணீர் எடுத்துக்கொள்ளத் தத்தாதான் சொல்லிக் கொடுத்தார்.

ஜனவரியில் போய் இறங்கினால் எல்லாம் நன்றாகவே தெரியும். தொட்டி நிறைந்திருக்கும். ஆனால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை அங்கே வறண்ட காலம். எங்கள் வீட்டில் 2500 லிட்டர்த் தொட்டி ஒன்றுதான். வீட்டுக்காரர்கள் ஐந்து பேர், டீச்சர்கள் நாங்கள் இரண்டு பேர். ஏப்ரல் பிறந்ததும் தத்தா தினமும் காலையில் தொட்டியைத் தட்டிப் பார்ப்பார். எந்த இடத்தில் சத்தம் மாறுகிறதோ அதுவரைதான் தண்ணீர். அந்தத் தட்டல் இறங்கிக்கொண்டே வருவதைப் படுக்கையில் கிடந்தபடி கேட்டிருக்கிறேன். கோடையில் தண்ணீர் தீர்ந்துபோன தீவுகளுக்கு அரசாங்கமே கப்பலில் தண்ணீர் அனுப்பும் வருடங்கள் உண்டு. இப்போது பல தீவுகளில் கடல்நீரைச் சுத்திகரித்துக் குழாயில் விடுகிறார்கள். நீங்கள் போகிற தீவில் அது உண்டா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. கைக்குழந்தையோ சிறு பிள்ளையோ இருந்தால் இதைக் கேட்காமல் டிக்கெட் போடவே போடாதீர்கள்.

அடுத்து எனக்கு நடந்த ஒரு சங்கடம்.

அப்போது அங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கி நவம்பரில் முடியும். முதல் வருடம் முடிந்து டிசம்பர் விடுமுறைக்கு நாகர்கோவில் வந்தேன். ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு என்பதால் சாமான்களை எல்லாம் அறையிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன். ஜனவரியில் திரும்பிப் போனால் என் அறையில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். பள்ளி அந்த அறையை 11 மாதத்துக்குத்தான் எடுத்திருந்ததாம். டிசம்பர் வாடகை யாரும் தரவில்லை, வீட்டுக்காரர் உறவுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவர் வயிற்றுப்பாடு அது. என் பொருள்களைப் பள்ளிக்காரர்கள் மூட்டை கட்டி ஒரு ஸ்டோர் ரூமில் போட்டிருந்தார்கள். கடல் காற்றில் ஒரு மாதம் பூட்டிய அறை எப்படி இருக்கும் என்று கடலோரத்துக்காரர்களுக்குத் தெரியும். புத்தகங்கள் எல்லாம் பூஞ்சை பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. என் மகள் எனக்கு எழுதிய கடிதங்களும் அந்த மூட்டையில்தான் இருந்தன. குக்கரையும் மிக்ஸியையும் மட்டும் தத்தா தன் அடுப்படியில் எடுத்து வைத்திருந்தார்.

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. வீட்டு ஒப்பந்தம் பள்ளிக்கும் வீட்டுக்காரருக்கும் இடையில். குடியிருக்கிற நம் பெயர் அதில் எங்கேயும் கிடையாது. வேலையும் கூரையும் ஒரே கையிலிருந்து வருகிறது என்றால், வேலையில் ஒரு சின்ன உரசல் வந்தாலும் கூரை ஆடும். எங்கள் பள்ளியில் ஒரு சார் வருட நடுவில் ராஜினாமா கொடுத்தார். மூன்று நாளில் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். மாலேக்குப் போகிற படகு அந்த வாரம் நாலாவது நாள்தான். ஓர் இரவு எங்கள் வீட்டு வராந்தாவில் படுத்துவிட்டுப் போனார்.

ஆகவே ஆஃபர் லெட்டரில் அந்த ஒரு வரியை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். மெயிலில் கேளுங்கள், பதிலை மெயிலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். விடுமுறை மாதத்துக்கு யார் வாடகை தருகிறார்கள்? வேலை முடிந்தால் எத்தனை நாள் தங்கலாம்? அறை எனக்குத் தனியா, ஷேரிங்கா? கரண்டு, தண்ணீர், கேஸ் யார் கணக்கு? இந்த நாலைந்து கேள்வியை மரியாதையாகக் கேட்டால் யாரும் வேலையைப் பறித்துவிட மாட்டார்கள். இரண்டாவது ஒப்பந்தத்தில் நான் கேட்டேன், எழுதியும் கொடுத்தார்கள்.

கரண்டு கணக்கு நிஜமாகவே முக்கியம். தீவுகளில் மின்சாரம் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டரில் வருகிறது. யூனிட் ஏற ஏற விலையும் ஏறும். என் முதல் ஒப்பந்தத்தில் ஒரு தொகை வரைதான் பள்ளி கட்டும், மீதி சம்பளத்தில் பிடித்தம். அறையில் ஏசி இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு இரவெல்லாம் ஓட்டி, முதல் மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்துத் திகைத்த டீச்சர்கள் நிறைய. பிளக் அங்கே சதுர முனை மூன்று பின், நம் ஊர் உருண்டை முனை சேராது. நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றும் அடாப்டர் இரண்டும் எடுத்துப் போங்கள்.

சமையலறை பொதுவாக இருந்தால், முதல் வாரத்திலேயே வீட்டுக்கார அம்மாவோடு பேசி நேரம் பிரித்துக்கொள்ளுங்கள். ரமலானில் பகலில் ஹோட்டல்கள் மூடியிருக்கும். நோன்பு வைக்கிற வீட்டில் பகலில் குழம்பு கொதிக்கவிடுவது நமக்கே மனசு வராது. நான் விடியற்காலையில் அவர்கள் சாப்பிடும் நேரத்திலேயே எழுந்து சமைத்து மூடி வைத்துவிடுவேன். சாயங்காலம் தத்தா வீட்டிலிருந்து ஒரு தட்டு பலகாரம் என் அறைக்கு வராமல் இருந்த நாளே இல்லை. காய்கறிக்குப் படகு வரும் நாளைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். தூத்துக்குடியிலிருந்து தோணியில் மாலேக்கு வந்து, அங்கிருந்து எங்கள் தீவுக்குப் படகேறி வருகிற வெங்காயம், தக்காளியைப் பார்த்தால் சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி இருக்கும். இன்னொன்று: வழிபாட்டுச் சிலைகளை அந்த நாட்டுக்குள் கொண்டுபோகத் தடை. பூஜை அலமாரியை ஊரிலேயே விட்டுவிட்டு மனதுக்குள் கும்பிட்டுக்கொள்ளுங்கள். இது தெரியாமல் ஏர்போர்ட்டில் பிள்ளையாரைப் பறிகொடுத்து அழுதவர்கள் உண்டு.

மாலே, அதன் பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலே பக்கம் கதை வேறு. அங்கே குழாயில் நல்ல தண்ணீர், கடை, ஆஸ்பத்திரி எல்லாம் கிட்டத்திலேயே இருக்கும். இடம்தான் இருக்காது. மாலே என்ற இரண்டு சதுர கிலோமீட்டர் அளவு ஊருக்குள் அத்தனை பேர். ஒரு ஃபிளாட்டில் அறைக்கு ஒரு குடும்பம், ஒரே அடுப்படி என்பது சாதாரணம். 2017-ல் எனக்கு ஹுல்ஹுமாலேயில் ஷேரிங் ரூம் கொடுத்தார்கள், பள்ளியோ மாலேயில். 2018 ஆகஸ்டில் இரண்டுக்கும் நடுவே பாலம் திறக்கும் வரை ஏழு மணி வகுப்புக்கு ஐந்தரைக்கே எழுந்து ஃபெர்ரிக்கு ஓடினேன். வீடு எங்கே, பள்ளி எங்கே, நடுவில் உள்ள செலவு யாருடையது என்பதையும் கேட்டுவிடுங்கள். ‘ரூம் வேண்டாம், அலவன்ஸ் தருகிறோம்’ என்றால் அங்கே நிதானமாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த நாட்டுப் பணம் ருஃபியா, ஒரு டாலருக்கு 15.42 ருஃபியா. இரண்டு படுக்கையறை வீட்டுக்கு அப்போதே 15,000 ருஃபியாவுக்கு மேல் கேட்டார்கள், மூன்று மாத அட்வான்ஸ் தனி. தீவில் என்றால் யோசிக்காமல் ரூமையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு டீச்சர் தனியாகப் போய்க் கதவு தட்டி வீடு பிடிப்பது அங்கே சுலபம் இல்லை.

கூட இருப்பவர்கள் விஷயத்தில் எனக்கு அதிர்ஷ்டம். ஆந்திராக்கார டீச்சர் ஒருவரோடு மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தேன். இன்றைக்கும் வாரம் ஒருமுறை பேசிக்கொள்கிறோம்.

குடும்பத்தோடு போகலாமா என்று கேட்டீர்கள். போகலாம், ஆனால் முதலில் நீங்கள் மட்டும் போங்கள் தம்பி. ‘தங்குமிடம்’ என்று எழுதியிருப்பது பெரும்பாலும் உங்கள் ஒருவருக்கான கட்டிலைத்தான். மனைவி, பிள்ளை வந்தால் தனி அறை தருவார்களா, கூடுதல் வாடகையை யார் தருவார்கள் என்பதெல்லாம் அங்கே போய்ப் பேசி முடிக்க வேண்டிய விஷயங்கள். போன அன்றே அறையை, மெத்தையை, சுவரில் உள்ள ஈரத்தை, உடைந்த ஜன்னலை எல்லாம் போனில் படம் எடுத்துப் பள்ளி அலுவலகத்துக்கு அனுப்பி வைத்துவிடுங்கள். ஒரு வறண்ட காலத்தையாவது அங்கே இருந்து பாருங்கள். தொட்டி தாங்குகிறதா, கொசு எப்படி, டாக்டர் தீவிலேயே இருக்கிறாரா, இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஸ்பீட் போட் கிடைக்குமா என்பது நாலு மாதத்தில் தெரிந்துவிடும். டெங்கு அங்கே அடிக்கடி வருகிற காய்ச்சல், கொசுவலையை மறந்துவிடாதீர்கள்.

அதுவரை ஒரு வேலை செய்யுங்கள். பள்ளியில் இப்போது இருக்கும் இந்திய டீச்சர் யாருடைய நம்பராவது வாங்கித் தரச் சொல்லி ஏஜென்டிடம் கேளுங்கள். அவரிடம் ‘வீடு நல்லா இருக்கா?’ என்று கேட்காதீர்கள், எல்லாரும் ‘பரவாயில்லை’ என்றுதான் சொல்வார்கள். ‘ஏப்ரல்ல குடிக்கத் தண்ணி எங்கிருந்து எடுத்தீங்க? போன லீவுக்கு ஊருக்கு வரும்போது சாமான எங்க வச்சீங்க?’ என்று கேளுங்கள். அவர் சொல்கிற பதிலையும் பள்ளியிலிருந்து வரும் மெயிலையும் கீழே கமென்டில் போட்டீர்களானால் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.