பருவநிலை மாற்றத்தை ஏற்றுக்கொள்பவர்களே கார்பன் வரியை எதிர்ப்பது ஏன்?

"புவி சூடாகிறது என்பதைப் பெரும்பாலானோர் ஒப்புக்கொள்ளும் நாடுகளில்கூட, கார்பன் வரி என்றதும் இவ்வளவு சண்டை ஏன் வருகிறது? மக்களுக்கு விவரம் புரியவில்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: நன்றாகவே புரிகிறது. கார்பனுக்கு விலை வைத்தே தீர வேண்டும் என்ற பக்கம் நிற்பவன் நான். ஆனால் எங்கள் பக்கத்தவர்கள் எதிர்ப்பவர்களையெல்லாம் விவரமறியாதவர்கள் என்று ஒதுக்கித் தள்ளும்போது எனக்குக் கோபம் வருகிறது. எதிர்ப்பவர்களில் கணிசமானோர் தங்கள் வீட்டு வரவு செலவைக் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் எதிர்க்கிறார்கள்.

கருத்து என்னவோ எளிமையானதுதான். புகையை வெளியே விடுபவர், அதனால் பிறருக்கு விளையும் சேதத்துக்குக் காசு கொடுப்பதில்லை. கொடுக்க வைத்தால் புகை குறையும். ஆர்தர் பிகூ என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் 1920-லேயே இந்தச் சிந்தனைக்கு அடித்தளம் போட்டுவிட்டார். 2019-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் அறிக்கையில், நோபல் பரிசு பெற்ற இருபதுக்கும் மேற்பட்டோர் உட்பட 3,500-க்கும் அதிகமான பொருளாதார அறிஞர்கள் கார்பன் வரி வேண்டும் என்று கையெழுத்திட்டார்கள். வசூலாகும் பணம் முழுவதையும் குடிமக்களுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும் என்பதும் அந்த அறிக்கையிலேயே இருந்தது. பின்னால் நடந்த சண்டைகளுக்கெல்லாம் வேர் இந்தப் பாதியில்தான் இருக்கிறது.

அறிஞர்களுக்குள்ளும் சண்டை உண்டு. ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு ரூபாய்க்குச் சேதம் விளைவிக்கும் என்று கேட்டால், அமெரிக்க அரசே ஆட்சிக்கு ஆட்சி வேறு வேறு விடை சொல்லியிருக்கிறது. டிரம்பின் முதல் ஆட்சியில் 1 முதல் 7 டாலர். பைடன் ஆட்சியில் 2021-ல் 51 டாலர், 2023-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்குப்படி 190 டாலர். அறிவியல் அதற்குள் தலைகீழாக மாறிவிடவில்லை. பிற நாடுகளில் விளையும் சேதத்தைச் சேர்ப்பதா, இன்னும் பிறக்காதவர்களின் இழப்பை இன்றைய பணத்தில் எவ்வளவு தள்ளுபடி செய்து மதிப்பிடுவது என்பவைதான் பெரும்பாலும் மாறின. இவை நீதி பற்றிய முடிவுகள். இவற்றில் கருத்து சொல்லும் உரிமை பொருளாதார அறிஞருக்கு எவ்வளவு உண்டோ அவ்வளவு ஒரு லாரி ஓட்டுநருக்கும் உண்டு.

இப்போது பெட்ரோல் பம்புக்கு வருவோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். பிரான்சில் 2018-ல் கார்பன் வரி டன்னுக்கு 44.60 யூரோ, அதாவது லிட்டருக்குச் சுமார் 10 சென்ட். அடுத்த ஜனவரியில் அதை 55 யூரோவாக உயர்த்தத் திட்டம். டீசல் மீதான பிற வரிகளும் ஏறவிருந்தன. பல பத்தாண்டுகளாக டீசலுக்குக் குறைந்த வரி வைத்து, டீசல் கார் வாங்குங்கள் என்று மக்களைப் பழக்கிய அரசு அது. பஸ் வராத ஊர்களிலிருந்து தினமும் வேலைக்குப் போகிறவர்களிடம் அந்தக் கார்கள்தான் இருந்தன. போதாக்குறைக்கு, அதே 2018-ன் தொடக்கத்தில்தான் பெரும் பணக்காரர்கள் மீதான சொத்து வரியை எடுத்துவிட்டு, நிலம், கட்டடங்களுக்கு மட்டும் வரி என்று மாற்றியிருந்தார்கள். கார்பன் வரிப் பணத்தின் பெரும்பகுதியோ பொதுக் கணக்கில் போய்ச் சேர்ந்தது. நவம்பர் 17 அன்று மஞ்சள் அங்கி அணிந்து சாலைச் சந்திப்புகளை மறித்தவர்கள் இந்த நான்கையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். சரியாகத்தான் பார்த்தார்கள் என்பேன். டிசம்பரில் அரசு பின்வாங்கியது. வரி 44.60 யூரோவிலேயே நின்றது.

இதற்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் மின் நிலையங்களுக்கும் ஆலைகளுக்கும் 2005 முதல் உமிழ்வு உரிமச் சந்தை, அதாவது புகை விடுவதற்கான உரிமங்களை வாங்கி விற்கும் சந்தை, நடக்கிறது. 2023 பிப்ரவரியில் அங்கே ஒரு டன்னின் விலை முதல்முறையாக 100 யூரோவைத் தாண்டியது. அதற்காக யாரும் சாலையை மறிக்கவில்லை. பாதி விலை, கண்ணெதிரே பம்பில் தெரிந்ததால் ஓர் அரசை ஆட்டிவிட்டது. இரட்டிப்பு விலை, மின் கட்டணத்துக்குள் கரைந்து சத்தமில்லாமல் போய்விட்டது.

இதைப் பார்த்துச் சிலர், மக்கள் கண்ணில் படாமல் வரி போடுங்கள் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ஐரோப்பியச் சந்தையின் முதல் ஆண்டுகளில் மின் நிறுவனங்களுக்கு உரிமங்கள் பெரும்பாலும் இலவசமாகக் கிடைத்தன. இலவசமாக வாங்கியதன் சந்தை விலையையும் மின் கட்டணத்தில் ஏற்றி அவர்கள் கொழுத்த லாபம் பார்த்தார்கள். மறைத்து வைத்த இடத்தில் நடப்பது இதுதான். சுற்றுச்சூழல் இயக்கங்களிலேயே ஒரு பகுதியினர் கார்பன் சந்தை என்றால் முகம் சுளிப்பதற்குக் காரணம், அவர்கள் இதைப் பார்த்திருக்கிறார்கள்.

சரி, வெளிப்படையாக வாங்கி வெளிப்படையாகத் திருப்பிக் கொடுத்தால்? கனடா அதைத்தான் செய்ய முயன்றது. 2019-ல் டன்னுக்கு 20 கனடா டாலரில் தொடங்கி 2024-ல் 80 டாலர் வரை போனார்கள். பெட்ரோல் லிட்டருக்கு 17.6 சென்ட். வசூலில் 90 சதவீதம் குடும்பங்களுக்கே திரும்பியது. நேரடிக் கணக்கில் பெரும்பாலான குடும்பங்களுக்குக் கட்டியதைவிடக் கூடுதலாகவே கிடைத்தது. ஆனால் கட்டுவது ஒவ்வொரு முறை பம்புக்குப் போகும்போதும் தெரிகிறது. கிடைப்பது முதலில் வருமான வரிக் கணக்குக்குள் ஒரு பதிவாகவும், 2022 முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் விழும் தொகையாகவும் இருந்தது. அது எதற்கு வந்த பணம் என்றே பலருக்குத் தெரியவில்லை. சுவிட்சர்லாந்தில் நிலைமை இன்னும் மோசம். அங்கே மக்களுக்குரிய பங்கை மருத்துவக் காப்பீட்டுக் கட்டணத்தில் கழித்துவிடுகிறார்கள். பெற்றவருக்கே பெற்றது தெரியாத ஏற்பாடு.

தெரியப்படுத்தினால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. இந்த இரண்டு நாடுகளையும் வைத்து 2022-ல் வெளியான ஓர் ஆய்வு, தங்களுக்குத் திரும்பி வரும் தொகையைப் பலர் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்றது. சரியான தொகையைச் சொன்ன பிறகும் ஆதரவு பெரிதாக ஏறவில்லை என்றும் கண்டது. கட்சி சார்பு அதற்குள் இறுகியிருந்தது. கனடா அரசும் தன் கையாலேயே நம்பிக்கையைக் கெடுத்துக்கொண்டது. 2023 அக்டோபரில் வீடுகளைச் சூடாக்கும் எண்ணெய்க்கு மட்டும் மூன்றாண்டு விலக்கு கொடுத்தார்கள். அதனால் அதிகம் பயனடைந்தவை கிழக்கே அட்லாண்டிக் கரை மாகாணங்கள். எரிவாயுவால் வீட்டைச் சூடாக்கும் மேற்கு மாகாணத்தவர், எங்களுக்கு ஏன் இல்லை என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. விதிவிலக்கு ஒன்று நுழைந்தபின் இது எல்லோருக்கும் பொதுவான விதி என்று எந்த முகத்தோடு சொல்வது? 2025 மார்ச்சில் பிரதமராகப் பொறுப்பேற்ற மார்க் கார்னி, ஏப்ரல் முதல் நுகர்வோர் மீதான கட்டணத்தையே எடுத்துவிட்டார். பெருந்தொழிற்சாலைகள் மீதான விலை மட்டும் தொடர்ந்தது.

வரி நிலைத்த இடங்களும் உண்டு. ஸ்வீடன் 1991-ல் டன்னுக்கு 250 குரோனாவில் தொடங்கியது. இன்று அது 100 யூரோவுக்கும் மேல். தொடங்கியபோதே வருமான வரியைக் குறைத்தார்கள். அதைவிட முக்கியமாக, நகராட்சிகள் ஏற்கெனவே குழாய் வழியாக வீடுகளுக்கு வெப்பம் வழங்கிக்கொண்டிருந்தன. எண்ணெய் விலை ஏறியதும் அந்த நிலையங்கள் மரக்கழிவுக்கு மாறின. வீட்டுக்காரர் எதையும் இழக்கவில்லை. மாற்று வழி ஏற்கெனவே வாசலில் இருந்தது.

அதனால் என் பதில் இதுதான்: சண்டை பெரும்பாலும் வரியின் அளவைப் பற்றியது இல்லை. வரி வரும் நாளில் மாற்று வழி கையில் இருக்கிறதா, பணம் யாரிடம் போகிறது, விதி எல்லோருக்கும் ஒன்றா என்பவை பற்றியது. புவி சூடாவதையே மறுப்பவர்களும், எண்ணெய் நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் பிரசாரமும் இருக்கவே செய்கின்றன. ஆனால் மஞ்சள் அங்கிக்காரரை அவர்களோடு சேர்த்து எண்ணுவது அநியாயம். தேர்தலிலும் அதற்கு விலை கொடுக்க நேர்கிறது.

அடுத்து கவனிக்க வேண்டிய இடம் மறுபடியும் ஐரோப்பாதான். வாகன எரிபொருளுக்கும் வீடுகளைச் சூடாக்கும் எரிபொருளுக்கும் தனியாக ஓர் உமிழ்வுச் சந்தையை 2027-ல் தொடங்கச் சட்டம் இயற்றினார்கள். பல நாடுகள் தள்ளிப்போடச் சொல்லி நெருக்கியதால், 2025-ன் இறுதியில் அதை 2028-க்குத் தள்ளிவைக்க உடன்பாடு ஏற்பட்டது. அதே சட்டத் தொகுப்பில் ஏழைக் குடும்பங்களுக்கும் சிறு தொழில்களுக்கும் ஒரு சமூகப் பருவநிலை நிதியம் இருக்கிறது. சந்தைக்கு முன்பே, 2026-லேயே அது தொடங்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். வரிசை சரியாக இருக்கிறது. அந்த நிதியில் வாங்கும், வீட்டை மின்சாரத்தால் சூடாக்கும் வெப்பப் பம்புகளும் புதிய பஸ்களும் முதல் எரிபொருள் ரசீதுக்கு முன்னால் வந்து சேருமா என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.