கேளுங்க சொல்றேன்: கேரி பேக்ல பின்னுன பாய்

கேள்வி: அமெரிக்காவுல பாட்டிங்க எல்லாம் சர்ச்சுல ஒண்ணா உக்காந்து பழைய கேரி பேக்கை வெட்டி பாய் பின்னி, ரோட்டோரம் படுக்கிறவங்களுக்கு குடுக்கிறாங்கன்னு வாட்ஸ்அப்ல வீடியோ வந்துச்சு. நிஜமா, இல்ல வழக்கமான ஃபார்வர்டு கதையா? (வாசகி, ஈரோடு)

நிஜந்தாங்க. அங்க பல ஊர்ல பல வருஷமா நடக்குது. சர்ச், லைப்ரரி, முதியோர் இல்லம், சில இடத்துல ஜெயில்ல கூட. கவரை நீவி விட்டு நீளவாக்குல மடிச்சு, கைப்பிடியையும் அடித்தையலையும் வெட்டி தூக்கிப் போட்டுட்டு, மிச்சத்தை ரெண்டு மூணு இஞ்ச் அகலத்துக்கு குறுக்க வெட்டினா வளையம் வளையமா வரும், அந்த வளையத்தை ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்து இழுத்து முடிச்சு போட்டுட்டே போனா நீளமா கயிறு மாதிரி ஆயிடும், அதை உருண்டையா சுத்தி வச்சுக்குறாங்க. அதுக்கு 'பிளார்ன்'னு பேரு, பிளாஸ்டிக்கையும் நூலுக்கு இங்கிலீஷ்ல சொல்ற 'யார்ன்'ஐயும் சேத்து வச்ச பேரு. அப்புறம் பெரிய குரோஷா ஊசி, 10 மில்லிமீட்டருக்கு மேல தடிமன் இருக்குறது, அதுல பின்ன வேண்டியதுதான். ரெண்டரை மூணு அடி அகலம், ஆறடி நீளம். ஓரத்துல ஒரு பட்டையும் பின்னி வச்சுடுவாங்க, சுருட்டி தோள்ல மாட்டிக்கலாம். ஒரு பாய்க்கு 500லருந்து 700 கவர் வரைக்கும் போகும். பழகின கைக்கே வாரக்கணக்குல ஆகுற வேலை, அதனால ஒருத்தர் வெட்ட, ஒருத்தர் கோக்க, ஒருத்தர் பின்னன்னு பிரிச்சுக்குறாங்க.

கேள்வி: நல்ல கம்பளி ஒண்ணு வாங்கி குடுத்தா போதாதா? எதுக்கு இவ்ளோ மெனக்கெடணும்? (வாசகர், மதுரை)

இதுலதான் சார் விஷயமே இருக்கு. நாம குளிருன்னாலே மேல போத்திக்கறதை மட்டுந்தான் யோசிக்கிறோம். குளிர்காலத்துல சிமெண்டு தரையில படுத்தா உடம்புச் சூட்டை கீழ இருக்குற தரை உறிஞ்சிக்கிட்டே இருக்கும், நீங்க மேல ரெண்டு கம்பளி போத்தினாலும் அது நிக்காது. கம்பளியை கீழ விரிச்சா உடம்பு வெயிட்டுல நசுங்கி, உள்ள இருக்குற காத்து எல்லாம் வெளிய போயிடுது, காத்து இல்லேன்னா கம்பளில கதகதப்பும் இல்ல. ஈரம் வேற ஏறிடும். அட்டைப்பெட்டி நல்லாத்தான் தாங்கும், ஆனா ஒரு மழை வந்தா கூழ். பின்னுன பாய்ல கண்ணு கண்ணா இடைவெளி இருக்கு, அதுல காத்து நிக்குது, பிளாஸ்டிக் தண்ணியை குடிக்காது, உதறிட்டு துடைச்சா மறுபடி படுக்கலாம். எடையும் ரொம்ப இல்ல. ஒரு மெல்லிசு கவர் அஞ்சாறு கிராம், 600 கவர்னா மூணு கிலோ சொச்சம், அதுல வெட்டிப் போட்டது போக மிச்சந்தான் பாய். எல்லாத்தையும் முதுகுல தூக்கிட்டு அலையுற ஆளுக்கு இது பெரிய விஷயம்.

ஆனா நெருப்பு பக்கம் ஆகவே ஆகாது. இந்த கவரெல்லாம் 130 டிகிரி கிட்டக்க உருகிடும், உருகினது தோல்ல ஒட்டிக்கும். பீடி, கொசுவத்தி, ஸ்டவ் எதுவும் பக்கத்துல கூடாது. வெயில்லயே கெடந்தா நாளாக நாளாக மொறுமொறுன்னு ஆகி உதிரவும் செய்யும். வீடியோல இதை யாரும் சொல்றதில்ல.

கேள்வி: இதனால பிளாஸ்டிக் குப்பை குறையுமா? (மாணவி, கோவை)

குறையாதும்மா. மூணு கிலோ குப்பைக்கு வாரக்கணக்குல உழைப்புன்னா அது குப்பை மேலாண்மை கணக்குல வரவே வராது. குப்பையை குறைச்சது சட்டந்தான். கலிஃபோர்னியாவுல 2016ல ஓட்டு போட்டே மெல்லிசு கவரை நிறுத்தினாங்க, நியூயார்க்ல 2020, நியூஜெர்சில 2022. அந்த மாநிலங்கள்ல இப்ப பின்னுறதுக்கு கவரே பழைய மாதிரி கிடைக்காது, கிடைக்கலேன்னா சந்தோஷப்பட வேண்டியதுதான். இதை குப்பைத் திட்டமா பாக்காம படுக்கைத் திட்டமா பாருங்க, அப்ப நியாயமா தெரியும்.

கேள்வி: பணக்கார நாட்டுல ரோட்டுல படுக்குறவங்க அவ்ளோ பேரா இருக்காங்க? (வாசகர், திருநெல்வேலி)

2024 ஜனவரில ஒரே ராத்திரி எடுத்த கணக்குல 7,71,480 பேர் வீடில்லாதவங்க. ஷெல்டர்ல, அதாவது வீடில்லாதவங்களுக்கான தங்குமிடத்துல இருக்குறவங்களையும் சேத்து. அது போதாதுன்னு, ஆரிகன் மாநிலத்துல கிரான்ட்ஸ் பாஸ்னு ஒரு சின்ன ஊரு, அங்க பொது இடத்துல கம்பளி, தலையணை, அட்டைப்பெட்டி வச்சு தூங்கினாலே 295 டாலர் ஃபைன்னு சட்டம் வச்சிருந்தாங்க. கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 2024 ஜூன் 28ல 6-க்கு 3-னு ஊருக்கு சாதகமா தீர்ப்பு. ஆக ஒரு பக்கம் பாட்டி பாய் பின்னி குடுக்குது, இன்னொரு பக்கம் அதை விரிச்சா ஃபைன் போடலாம்னு கோர்ட்டே சொல்லுது. எனக்கு இதைப் படிச்சப்போ பாட்டிங்க மேல மரியாதை கூடுச்சு, மத்தவங்களைப் பத்தி இங்க எழுதினா எடிட்டர் வெட்டிடுவாரு.

கேள்வி: நம்ம சென்னையில நாங்க நாலஞ்சு ஃப்ரெண்ட்ஸ் சேந்து இதையே பண்ணலாமா? (வாசகி, பெரம்பூர்)

பண்ணலாம், ஆனா அப்படியே காப்பி அடிக்காதீங்க. அங்க பிரச்சினை குளிரு, இங்க புழுக்கம். மே மாசம் பிளாஸ்டிக் மேல படுத்தா முதுகு வேர்த்து ஒட்டும். கடையில ரெடிமேடா பிளாஸ்டிக் கோரைப் பாய் வேற சல்லிசா கிடைக்குது. நம்ம ஊர்ல மழைக்கு தார்ப்பாய், கொசுவலை, பூட்டு போட்ட ஒரு பெட்டி, குளிக்க இடம், இதுதான் கேப்பாங்க. முதல்ல போய் அவங்ககிட்டயே கேளுங்க, போட்டோ எடுக்காம. ஷெல்டர் எங்க இருக்குன்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டு சொன்னாலும் உதவிதான், 1 லட்சம் ஜனத்துக்கு ஒரு ஷெல்டர் இருக்கணும்னு நம்ம நாட்டு சுப்ரீம் கோர்ட் 2010லயே சொல்லியாச்சு, உங்க ஏரியாவுல இருக்கான்னு கவுன்சிலரை கேக்குறதுக்கு ஊசி நூல் எதுவும் வேணாம்.

இன்னொண்ணு, கேரி பேக்குக்கு நம்ம மாநிலத்துல 2019 ஜனவரி 1லருந்தே தடை. பாய் பின்னணும்னு சொல்லி கடைக்காரர்கிட்ட கவர் கேட்டு வாங்காதீங்க, வீட்டுல ஏற்கனவே கெடக்குறதை எடுங்க. பால் கவர் வேணாம், அதை கழுவி சேத்து வச்சா பழைய பேப்பர் கடையிலயே எடுத்துக்குறாங்க.

கேள்வி: எங்க மாமியார் ஒயர் கூடை பிரமாதமா போடுவாங்க. அவங்களுக்கு இது வருமா? (வாசகி, கும்பகோணம்)

கை பழக்கம் இருக்கு, ஆனா வேலை வேற. ஒயர் கூடையில ஒவ்வொரு முடிச்சையும் இறுக்கணும், இதுல இறுக்கினா போச்சு, கவர் அறுந்துடும், இல்லேன்னா பாய் கட்டை மாதிரி ஆயி படுக்க முடியாது. லூசா விட்டு பின்ன சொல்லுங்க. எடுத்ததுமே ஆறடி வேணாம், முதல்ல உக்காந்துக்க ஒரு சின்ன ஆசனம் போட்டு பாக்கட்டும், பஸ் ஸ்டாண்டுல பூ கட்டுற அம்மாவுக்கு அதுவே உதவும்.