அப்பா யாழ்ப்பாணத்தைப் பற்றிப் பேசுவதில்லை

கேள்வி

மதிப்பிற்குரிய அம்மா,

நாங்கள் இருப்பது குடியாத்தம் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அப்பாவுக்கு இப்போது 60 வயது. இந்தப் பக்கத்துப் பையன்கள் நிறையப் பேரைப் போலவே, 19 வயதில் பட்டாளத்தில் சேர்ந்தவர். 17 வருடம் சர்வீஸ் முடித்து 2001-ல் பென்ஷனில் வந்தார். செக்யூரிட்டி வேலைக்குப் போகாமல், கையில் வந்த பணத்தைப் போட்டு ஹார்டுவேர், பெயிண்ட் கடை வைத்தார். போர்டில் என்ன பெயர் இருந்தாலும் ஊருக்கு அது 'மிலிட்டரிக்காரர் கடை'தான். மழையோ காய்ச்சலோ, காலை ஆறரைக்கு ஷட்டர் திறந்துவிடும். அளவிலும் பில்லிலும் ஒரு பைசா பிசகாது. என்னையும் தம்பியையும் படிக்க வைத்து, எனக்குக் கல்யாணம் செய்து வைத்தது அந்தக் கடைதான்.

1987-ல் இலங்கைக்கு அனுப்பிய இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனார். காஷ்மீர் பனியையும் சிக்கிம் ரோட்டையும் பற்றிக் கதை கதையாகச் சொல்லுவார். இலங்கை என்று பேச்சு வந்தால் மட்டும் எழுந்து போய்விடுவார். தமிழ் தெரியும் என்பதால் செக்போஸ்ட்டிலும், வீடு வீடாகச் சோதனை போடும்போதும் இவரைத்தான் முன்னால் நிறுத்துவார்களாம். அம்மாவிடம் அவர் சொன்னதே அவ்வளவுதான்.

பக்கத்தில் இருக்கும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து எங்கள் கடைக்கு நிறையப் பெயிண்டர்கள் வருவார்கள். அவர்களிடம் மட்டும் அப்பா வேறு ஆளாக இருப்பார். சொந்தக்காரர்களுக்கே கடன் கொடுக்காதவர், அவர்கள் பிரைமர், பட்டி, ரோலர் என்று எதை எடுத்துப் போனாலும் நோட்டில் எழுதிக்கொள்வார். திருப்பிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

போன வருடம் அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். கடைக்கு அரை நாள் போனால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டதால், கல்லாவை நான் பார்க்க ஆரம்பித்தேன். கணக்கெடுத்தால் முகாம் ஆட்களின் பாக்கி மட்டும் 3 லட்சத்தைத் தாண்டுகிறது. பெங்களூரில் இருக்கும் தம்பி போனிலேயே சத்தம் போட்டான்.

அப்புறம் ஆடி மாதத்தில் ஒரு நாள், வழக்கமாக வரும் வயதான பெயிண்டர் ஒருவர் சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் யூனிஃபார்ம் போட்டோவைப் பார்த்துவிட்டு, "ஐயா, நீங்கள் இந்தியன் ஆமியிலயோ இருந்தனீங்கள்? எங்கட பக்கம் வந்தனீங்களோ?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அப்பா பதில் சொல்லாமல் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் போட்டோவைக் கழற்றிவிட்டார்.

அன்றிலிருந்து தூக்கத்தில் கத்துகிறார். தொட்டு எழுப்பப் போன அம்மாவின் கையை முறுக்கிவிட்டார். விழித்துப் பார்த்ததும் அப்படி ஓர் அழுகை. லாரியிலிருந்து கம்பிக்கட்டு விழுகிற சத்தத்துக்கு உடம்பு தூக்கிப் போடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்துக்கொண்ட மிலிட்டரி கேன்டீன் சரக்கு இப்போது தினமும். "நான் இருந்து என்ன ஆகப் போகுது" என்று ஒரு தடவை சொன்னார்.

முகாம் ஆட்களை இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்கிறான் தம்பி. இத்தனை வருடம் நன்றாக இருந்தவருக்கு இப்போது ஏன் இப்படி? அங்கே என்ன நடந்தது என்று நானே கேட்கலாமா, கேட்டால் இன்னும் மோசமாகுமா?

- மகள், வேலூர் மாவட்டம்

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் எழுதியதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். "நான் இருந்து என்ன ஆகப் போகுது" என்ற பேச்சை வயதானவர் புலம்பல் என்று விட்டுவிடாதீர்கள். அவர் குடிக்காமல் இருக்கும் நேரமாகப் பார்த்து, "அப்பா, செத்துப் போகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். இப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. மனதில் இருப்பதைச் சொல்ல அவருக்கு ஒரு வழி கிடைக்கும். ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் தலை குனிந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், தனியாக விடாதீர்கள். துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருந்தால் துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாது. பெயிண்ட் கடையில் தின்னரும் ஆசிட்டும் இருக்கும். கொஞ்ச நாளைக்குக் கடைச் சாவி உங்களிடம் இருக்கட்டும். நள்ளிரவில் என்ன செய்வது என்று தெரியாவிட்டால் 14416-க்குப் போன் செய்யுங்கள். அது அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண். இலவசம், 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம்.

அடுத்தது குடி. பாட்டிலை ஒளித்து வைத்து ஒரே நாளில் நிறுத்தப் பார்க்காதீர்கள். தினமும் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தும்போது நடுக்கம் வரும், சிலருக்கு வலிப்பே வரும். ஸ்டென்ட் வைத்தவர் வேறு. மருத்துவர் மேற்பார்வையில்தான் குறைக்க வேண்டும். தூக்கத்துக்காகத்தான் குடிப்பதாக அவர் சொல்லக்கூடும். முன்னிரவில் அது தூங்க வைக்கும், பின்னிரவில் தூக்கத்தைக் கலைத்துக் கனவுகளைக் கூட்டும்.

இத்தனை வருடம் கழித்து ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் இத்தனை வருடமும் நன்றாக இருந்தார் என்று நான் நினைக்கவில்லை. வேலையில் இருந்தார். ஆறரைக்கு ஷட்டர், பைசா பிசகாத பில், லீவே எடுக்காத 20 வருடம். பட்டாளத்தில் இருந்த அதே ஒழுங்கைக் கடையில் திரும்பக் கட்டிக்கொண்டு, யோசிக்க நேரமில்லாமல் பார்த்துக்கொண்டார். சிறு ஊர்களில் கடை வைத்த முன்னாள் ராணுவத்தினர் பலரிடம் இதைப் பார்த்திருக்கிறேன். அதைக் குறையாகச் சொல்லவில்லை, ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்திய உழைப்பு அது. ஆனால் உடம்பு முடியாமல் போய் வேலை பாதியானதும், அடக்கி வைத்திருந்தது மேலே வருகிறது. போர்முனையில் இருந்தவர்களுக்கு ஓய்வு பெற்ற பிறகு, ஒரு நோய்க்குப் பிறகு, ஒரு நண்பர் இறந்த பிறகு இப்படி ஆவது மருத்துவத்தில் நன்றாகவே தெரிந்த விஷயம். உங்கள் அப்பாவுக்கு ஓய்வும் நோயும் சேர்ந்தே வந்தன. அந்த நேரம் பார்த்துப் பெயிண்டர் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்.

கெட்ட கனவு, சத்தத்துக்குத் திடுக்கிடுவது, அந்த ஊர்ப் பேச்சையே தவிர்ப்பது ஆகிய மூன்றும் போருக்குப் பிந்தைய மன அதிர்ச்சி நோயின் அடையாளங்கள். வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களைப் பார்த்த பிறகு, 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் இதை முறையாக நோய்ப்பட்டியலில் சேர்த்தார்கள். கடிதத்தை வைத்து நான் அதை உறுதி செய்ய முடியாது, நேரில் பார்க்கிற மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் பயத்தைவிட என்னை அதிகம் நிறுத்தியது அந்தக் கடன் நோட்டு. உயிருக்குப் பயந்ததால் வரும் காயம் ஒன்று. தான் செய்ததோ, தடுக்க முடியாமல் நின்று பார்த்ததோ தன் மனசாட்சிக்கு ஒவ்வாததால் வரும் காயம் வேறு. பாஸ்டனில் வியட்நாம் வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த ஜானதன் ஷே என்ற மனநல மருத்துவர் 1990-களில் இதைத் தனியாக எடுத்து எழுதினார். பயத்துக்கான சிகிச்சை மட்டும் இதற்குப் போதாது. குற்றவுணர்வையும் எடுத்துப் பேசியாக வேண்டும்.

அப்பா போன காலத்தை நினைத்துப் பாருங்கள். 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு போன படையை யாழ்ப்பாணத்து மக்கள் முதலில் மாலை போட்டு வரவேற்றார்கள். அக்டோபரில் அதே தெருக்களில் விடுதலைப் புலிகளோடு சண்டை தொடங்கிவிட்டது. இந்திய வீரர்கள் 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். தமிழ்ப் பொதுமக்கள் ஏராளமானோர் இறந்தார்கள், அதில் அமைதிப்படையின் கையால் இறந்தவர்களும் உண்டு. அந்த நேரத்தில் 22 வயதுப் பையன் ஒருவன் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் முதல் ஆளாக நின்றிருக்கிறான். கூட வந்த வடநாட்டு வீரருக்கு அந்த வீட்டு அம்மா கெஞ்சியது வெறும் சத்தம். இவருக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்திருக்கும். 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழ் மக்களின் கோபத்துக்குக் காரணம் இருந்தது, அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் உங்கள் அப்பா போன்ற தமிழ் வீரர்களுக்கு, போனதைப் பெருமையாகவும் சொல்ல முடியவில்லை, நடந்ததைச் சொல்லி அழவும் ஓர் இடம் இல்லை. கார்கில் போனவரைப் பள்ளிக்கூட விழாவுக்குக் கூப்பிடுகிற ஊரில் இவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அதனால் முகாம் ஆட்களை வர வேண்டாம் என்று சொல்லும் யோசனையைத் தம்பி விட்டுவிட வேண்டும். அப்பா ஏமாறவில்லை. தெரிந்தேதான் கொடுத்திருக்கிறார். அதோடு, முகாம் ஆட்கள் செய்த தப்பு என்ன? கடையில் பொருள் வாங்கினார்கள், ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். ஆனால் கடையும் நிற்க வேண்டும். மாதம் எவ்வளவு வரை கடன் தரலாம் என்று அப்பாவையே ஒரு தொகை சொல்லச் சொல்லுங்கள். அதைத் தனிக் கணக்காக வைத்துவிட்டு, மீதியை ரொக்கத்தில் நடத்துங்கள். பழைய பாக்கியைப் பற்றி முடிவெடுப்பதும் அவர்தான். "பாவத்துக்குப் பரிகாரமா?" என்று மட்டும் யாரும் கேட்டுவிடாதீர்கள். நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம். சரியாகவே இருந்தாலும் அதை அவர்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் உங்களுக்குத் தோன்றலாம், அந்தப் பெரியவரையும் அப்பாவையும் உட்கார வைத்துப் பேச வைத்தால் என்ன என்று. தயவு செய்து இப்போது வேண்டாம். அவர் யாரை இழந்துவிட்டு இங்கே வந்தார் என்பது நமக்குத் தெரியாது. உங்கள் அப்பாவை மன்னித்து ஆறுதல் சொல்லும் பாரத்தை அவர் தலையில் வைப்பது நியாயமில்லை. பின்னால் ஒரு நாள் அவர்கள் இருவரும் தாங்களாகப் பேசினால் அது வேறு.

நீங்கள் அப்பாவிடம் கேட்கலாமா? "அங்கே என்ன நடந்தது" என்று கேட்க வேண்டாம். அது விசாரணை மாதிரி இருக்கும், விசாரணை நடத்தியவர் அவர். "அந்தப் பெயிண்டர் கேட்டதிலிருந்து நீங்க சரியா தூங்கலைன்னு தெரியுதுப்பா. எப்போ வேணாலும் சொல்லுங்க, நான் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் சொல்ல ஆரம்பித்தால், "ஆர்டர்தானே, நீங்க என்ன செய்வீங்க" என்று அவசரமாகச் சமாதானம் சொல்லாதீர்கள். 35 வருடத்துக்கு மேல் அதை அவரே தனக்குச் சொல்லிப் பார்த்திருப்பார். உங்களால் தாங்க முடியாத விவரம் வந்தால், "இதை டாக்டர்கிட்டயும் சொல்லணும்பா, நானும் கூட வரேன்" என்று சொல்லலாம்.

மருத்துவத்துக்கு உங்களுக்கு வழி கையிலேயே இருக்கிறது. அப்பாவிடம் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ் கார்டு இருக்கும். வேலூரில் இருக்கும் அந்தத் திட்டத்தின் பாலிகிளினிக்கில் மனநல மருத்துவருக்கு ரெஃபரல் கேளுங்கள். பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையமும் இருக்கிறது. மன அதிர்ச்சியை மையமாக வைத்துச் செய்யும் பேச்சு சிகிச்சை நன்றாகப் பலன் தருகிறது, தேவைப்பட்டால் மாத்திரையும் தருவார்கள். 60 வயதுக்கு மேல் இதெல்லாம் எடுபடுமா என்று யோசிக்க வேண்டாம், எடுபடும். "மெண்டல் டாக்டரிடம் வர மாட்டேன்" என்று அவர் மறுத்தால், தூக்கத்துக்கும் இதயத்துக்கும் காட்டப் போவதாகச் சொல்லுங்கள், அதில் பொய் இல்லை. அவரோடு சர்வீஸ் செய்த ஒருவர் கூட வந்தால் இன்னும் சுலபம்.

இதய மாத்திரைச் சீட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். ஸ்டென்டுக்குப் பிறகு கொடுக்கும் மெட்டோபிரோலால் போன்ற சில மாத்திரைகள் சிலருக்குக் கனவுகளைக் கூட்டும். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையோடு சில மனச்சோர்வு மாத்திரைகள் சேர்ந்தால் ரத்தக்கசிவு வாய்ப்பும் கூடும். மருத்துவர் பார்த்து மாற்றிக் கொடுப்பார், நீங்களாக எதையும் நிறுத்தக் கூடாது.

அம்மாவிடம் சொல்லுங்கள்: கனவில் கத்தும்போது தொட வேண்டாம். லைட்டைப் போட்டு, கால்மாட்டில் தள்ளி நின்று பேச்சுக் கொடுத்து எழுப்பட்டும். வேண்டுமென்றால் கொஞ்ச நாள் தனிக் கட்டிலில் படுக்கட்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முறுக்கிய கை இன்னும் வலித்தால் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். பாலிகிளினிக்குக்குப் போகும் அன்று அம்மாவும் டாக்டரிடம் தனியாகப் பத்து நிமிடம் பேச வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த மௌனத்தோடு குடித்தனம் நடத்தியவர் அவர்தான், அவரையும் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள்.