வரலாற்றாசிரியருக்கு இறையியல் பல்கலைக்கழகத் தலைமை: ஏற்கலாமா?

கேள்வி: ஓர் இறையியல் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகளாகத் திருச்சபை வரலாறு கற்பிக்கிறேன். என் முனைவர் பட்டம் வரலாற்றில். இறையியல் பட்டம் கிடையாது, போதகரும் அல்ல. இப்போதைய தலைவர் ஓய்வு பெறுகிறார். ஆட்சிக்குழு என்னை அந்தப் பொறுப்புக்கு அழைக்கிறது. "இறையியல் படிக்காதவருக்கு எதற்கு இந்த நாற்காலி?" என்று சக ஆசிரியர்கள் சிலர் முணுமுணுக்கிறார்கள். எனக்கோ பாதியில் நிற்கும் புத்தகத்தைப் பற்றித்தான் கவலை. ஏற்கலாமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: முணுமுணுப்பை முதலில் முடித்துவிடலாம், அதில் பெரிய விஷயம் இல்லை. நெதர்லாந்தில் 1854-இல் தொடங்கப்பட்ட காம்பன் இறையியல் பல்கலைக்கழகத்துக்குத் தலைவராக வந்த ரூல் கைப்பர் ஒரு வரலாற்றாசிரியர்தான். அந்நாட்டு மேலவையில் பல ஆண்டுகள் உறுப்பினராகவும் இருந்தவர். அந்த நாற்காலியில் உட்காருகிறவரின் பொழுது பெரும்பாலும் பட்ஜெட், ஆசிரியர் நியமனம், அங்கீகாரக் குழுவின் வருகை, நன்கொடையாளர் சந்திப்பு என்றே கழியும். திரித்துவக் கோட்பாட்டை விளக்க அந்தத் துறைக்காரர்கள் இருக்கிறார்கள். சக ஆசிரியர்களின் வருத்தமும், சம்பளம் நேரத்துக்கு வந்துகொண்டிருந்தால், தானாக ஆறிவிடும்.

எனக்குக் கவலை தருவது உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு விஷயம். உங்கள் தொழில் கதைகளைச் சோதிப்பது. தலைவராகிவிட்டால், அந்த நிறுவனம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதைக்கு நீங்களே காவல்காரர். இரண்டும் மோதுகிற நாள் வரும். அன்று யார் உங்களை வெளியே அனுப்ப முடியும் என்பது இப்போதே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வில்லியம் விட்சிட் என்பவரின் கதையைக் கேளுங்கள். அமெரிக்காவின் லூயிவில் நகரிலுள்ள சதர்ன் பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரியில் 1872 முதல் திருச்சபை வரலாறு கற்பித்தவர். 1880-இல் லண்டன் போய் பிரிட்டிஷ் மியூசியத்தில் உட்கார்ந்து பதினேழாம் நூற்றாண்டுத் துண்டுப் பிரசுரங்களைப் படித்தார். இங்கிலாந்து பாப்டிஸ்டுகள், தங்கள் அடையாளமான முழுக்கு ஞானஸ்நானத்தை (ஆளை நீரில் முழுக்கிக் கொடுப்பது) கொடுக்கத் தொடங்கியதே 1641-இல்தான் என்ற முடிவுக்கு வந்தார். வெளியாருக்கு இது ஏதோ ஒரு தேதி. ஆனால் அவருடைய சபையில் பலர், தங்கள் மரபு அப்போஸ்தலர் காலத்திலிருந்து அறுபடாமல் வருகிறது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அந்தத் தேதி அடிவயிற்றில் விழுந்த அடி.

விட்சிட் முதலில் அதைப் பெயர் போடாமல் ஒரு பத்திரிகையில் எழுதினார், அதுவும் வேறு சபையார் நடத்திய பத்திரிகையில். 1895-இல் கல்லூரியின் தலைவரானார். அந்தச் சமயத்தில் ஒரு கலைக்களஞ்சியத்தில் தன் பெயரோடு அதே முடிவை எழுதியது வெளிவர, மறு ஆண்டே புயல் கிளம்பியது. பழைய கட்டுரைகளும் அவருடையவைதான் என்று தெரிந்தபோது கோபம் இரட்டிப்பானது. "சொன்னது தப்பு" என்பதைவிட "மறைந்திருந்து சொன்னார்" என்பது இன்னும் மோசமான குற்றச்சாட்டு இல்லையா? கல்லூரி தேவாலயங்களின் நிதியையும் நல்லெண்ணத்தையும் நம்பி நடந்தது. நெருக்கடி முற்றியதும், 1899-இல் பதவியை விட்டுப் போனார். தேதி விஷயத்தில் பிற்கால ஆய்வாளர்கள் பெரும்பாலும் அவர் பக்கமே வந்தார்கள் என்றாலும், போன நாற்காலி போனதுதான்.

இப்போது இன்னொருவர். ஆர்தர் மெக்கிஃபர்ட் நியூயார்க்கின் யூனியன் இறையியல் கல்லூரியில் திருச்சபை வரலாற்றுப் பேராசிரியர். அப்போஸ்தலர் காலத்தைப் பற்றி 1897-இல் அவர் எழுதிய புத்தகத்துக்கு பிரெஸ்பிடேரியன் சபையில் கடும் எதிர்ப்பு. சபைக்குள்ளேயே விசாரணை வரும் என்ற நிலையில் 1900-இல் அந்தச் சபையை விட்டு விலகினார். ஆனால் வேலை போகவில்லை. 1917-இல் அதே கல்லூரிக்குத் தலைவரும் ஆனார்.

விட்சிட்டுக்கு நடந்தது இவருக்கு ஏன் நடக்கவில்லை? ஆளின் சாமர்த்தியத்தை விட, நிர்வாக விதியில் ஒரு வரிதான் இங்கே முக்கியம் என்பேன். யூனியனில் பேராசிரியர் நியமனத்தை ரத்து செய்யும் அதிகாரம் பிரெஸ்பிடேரியன் சபையின் பொதுப்பேரவையிடம் இருந்தது. சார்லஸ் பிரிக்ஸ் என்ற பேராசிரியர் விஷயத்தில் 1891-இல் பேரவை அதைப் பயன்படுத்தியது. அடுத்த ஆண்டே கல்லூரி அந்த ஏற்பாட்டை முறித்துக்கொண்டது. அதனால்தான் பின்னாளில் சபையை விட்டு வந்த ஒருவரைக்கூட அது தலைவராக வைத்துக்கொள்ள முடிந்தது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டிய முதல் காரியம், உங்களுக்குக் கைவந்த காரியம்: ஆவணத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். சாசனம், விதிமுறைகள், கடந்த சில ஆண்டுகளின் ஆட்சிக்குழுத் தீர்மானங்கள். தலைவரை நீக்க எத்தனை பேர் வேண்டும்? சபைத் தலைமைக்குத் தடை அதிகாரம் உண்டா? வருமானத்தில் எவ்வளவு சபையிலிருந்து வருகிறது? அப்புறம், தலைவர் கையெழுத்திட வேண்டிய விசுவாச அறிக்கை இருந்தால், அதை ஒரு ஆய்வாளராகப் படிக்காமல், நம்புகிறவராகப் படியுங்கள். "இந்த வரிக்கு நான் வேறு அர்த்தம் வைத்திருக்கிறேன்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போடுவதாக இருந்தால், வேண்டாம். பின்னால் அதுவே உங்களுக்கு எதிராக வந்து நிற்கும்.

அடுத்து ஆட்சிக்குழுவிடம் நேராக ஒரு கேள்வி: "காப்பகத்தில் நிறுவனருக்குப் பெருமை சேர்க்காத கடிதம் ஒன்று கிடைத்தால் என்ன செய்வோம்?" அவர்கள் முகத்தைப் பாருங்கள். விட்சிட்டை இழந்த அதே லூயிவில் கல்லூரிதான், 2018-இல் தன் வரலாற்றில் அடிமை முறைக்கும் இனவெறிக்கும் இருந்த இடத்தைப் பற்றித் தானே அறிக்கை வெளியிட்டது. தொடக்ககால ஆசிரியர்கள் நால்வரும் சேர்ந்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தார்கள் என்று அதில் எழுதியிருந்தது. காப்பகத்தைத் திறந்து எழுதச் சொல்வது தலைவர் நாற்காலியிலிருந்துதான் எளிது. உங்களைப் போன்றவர் அங்கே உட்காருவதால் கிடைக்கக்கூடிய பெரிய லாபம் இது என்று எனக்குத் தோன்றுகிறது. நூற்றாண்டு மலருக்கு வாழ்த்துரை எழுத எல்லாராலும் முடியும்.

சரி, புத்தகம். ஜெர்மன் திருச்சபை வரலாற்றாசிரியர் ஹார்னாக்கை உதாரணம் காட்டி யாராவது தைரியம் சொல்வார்கள், நம்பாதீர்கள். அவர் 1905 முதல் 1921 வரை பெர்லின் அரச நூலகத்தை நடத்தினார். அதற்கிடையில் 1911-இல் அறிவியல் ஆய்வுக்கான கைசர் வில்ஹெல்ம் சங்கத்தின் தலைவருமாகி, இரண்டாம் நூற்றாண்டில் திருச்சபை ஒதுக்கிய போதகர் மார்சியனைப் பற்றிப் பெரிய நூலும் எழுதினார். அப்படி ஓர் ஆள் அபூர்வமாகத்தான் பிறக்கிறார். நம் போன்றவர்களுக்கு மெக்கிஃபர்ட்தான் சரியான கணக்கு: 1926-இல் தலைமையை விட்டார், கிறிஸ்தவ சிந்தனையின் வரலாற்றை இரண்டு பாகங்களாக 1932-லும் 1933-லும் வெளியிட்டார். நாற்காலியில் இருக்கும்போது பெரிய புத்தகம் எழுதுவேன் என்று திட்டம் போடாதீர்கள். வாரத்துக்கு ஒரு வகுப்பு மட்டும் விடாமல் எடுங்கள். பதவிக்காலம் முடிந்ததும் பேராசிரியர் பணிக்குத் திரும்பும் உரிமையும், அதற்கு முன் ஓராண்டு ஆய்வு விடுப்பும் நியமன ஆணையிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். வாய்வார்த்தை போதாது; இப்போது வாக்குக் கொடுக்கிறவர்கள் அன்று குழுவில் இருக்க மாட்டார்கள்.

புத்தகம் எதைப் பற்றியது என்று நீங்கள் எழுதவில்லை. தூரத்து விஷயம் என்றால் காத்திருக்கட்டும். உங்கள் சபையின் சொந்த வரலாறு என்றால், பதவி ஏற்கும் முன்பே முடித்து, உங்கள் பெயரிலேயே வெளியிட்டுவிடுங்கள். ஆட்சிக்குழு அதைப் படித்துவிட்டு உங்களை நியமிக்கட்டும். அதற்கு ஓராண்டு அவகாசம் கேளுங்கள். இடைக்காலத் தலைவரை வைத்துக்கொள்வது எல்லா நிறுவனங்களிலும் நடப்பதுதான். அந்த ஓராண்டைத் தர முடியாது என்று சொன்னால், மரியாதையாக மறுத்துவிட்டு வகுப்புக்குத் திரும்புங்கள்.