புறக்கடையில் ஐந்து நாட்டுக்கோழி: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டுக்குப் பின்னால் எட்டு சென்ட் இடம் இருக்கிறது. மூன்று தென்னை, ஒரு முருங்கை, மிச்ச இடத்தில் கத்தரி, வெண்டை, கீரை. வீட்டுக்கு முட்டை கிடைக்கட்டும் என்று நாட்டுக்கோழி வளர்க்க ஆசைப்படுகிறேன். வண்டியில் வரும் வியாபாரி, ‘ஒரு நாள் குஞ்சு ஐம்பது வாங்கிக்கொள்ளுங்கள், விலை குறைத்துத் தருகிறேன்’ என்கிறார். போன மாசியில் எதிர்வீட்டுக் கோழிகள் ஒரே வாரத்தில் மொத்தமாகச் செத்துப்போனதைப் பார்த்ததால் பயமாகவும் இருக்கிறது. எந்த இனம், எத்தனை கோழி, கூண்டு எப்படி, செடிகளைக் கிளறாமல் எப்படிக் காப்பது, சேவல் கட்டாயம் வேண்டுமா?

பதில்: சகோதரி, அந்த ஐம்பது குஞ்சுகளை வாங்காதீர்கள். விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். தாய்க்கோழி இல்லாத ஒரு நாள் குஞ்சுக்கு முதல் வாரம் சுமார் 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் வேண்டும். அதன் பிறகு வாரத்துக்கு ஐந்து டிகிரியாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். மின்விளக்கு, உமிப்படுக்கை, தகடு வளைத்த தடுப்பு என்று மூன்று நான்கு வாரம் இரவும் பகலும் கவனித்தாக வேண்டும். நடு இரவில் மின்சாரம் போனால் குஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மூச்சு முட்டிச் சாகும். பிழைத்து வளர்பவற்றிலும் பாதி சேவலாக இருக்கும். முட்டைக்காக வளர்க்க நினைக்கும் உங்களுக்கு அத்தனை சேவல் எதற்கு?

நான்கு அல்லது ஐந்து மாதமான வெடைக்கோழி (இன்னும் முட்டையிடத் தொடங்காத இளம் பெட்டை) நான்கு, சேவல் ஒன்று. உங்கள் இடத்துக்கும் தேவைக்கும் இது போதும். குஞ்சுகளை அவையே பொரித்துத் தரும். முதலில் கூண்டு, அடுத்து தடுப்பூசிக்கான ஏற்பாடு, கடைசியில்தான் கோழி. பெரும்பாலோர் சந்தையில் கோழியைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி வந்து, அன்றிரவு அதை எங்கே அடைப்பது என்று தேடுகிறார்கள். அங்கேதான் இழப்பு தொடங்குகிறது.

உங்கள் பயத்தைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். மாசியில், வெயில் ஏறத் தொடங்கும் நேரத்தில், ஒரே வாரத்தில் மொத்தக் கோழியும் சாய்ந்தது என்றால் பெரும்பாலும் அது வெள்ளைக்கழிச்சல் நோய்தான். ராணிக்கெட் என்றும் சொல்வார்கள். நச்சுயிரியால் வருவது. கோழி இறக்கையைத் தொங்கவிட்டு ஓரமாக உறங்கும். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். தப்பிய சில கோழிகளுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். வந்த பிறகு குணப்படுத்த மருந்து கிடையாது. கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு அரைத்துக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. துணை வைத்தியமாகக் கொடுக்கலாம், ஆனால் அதைத் தடுப்பூசிக்கு மாற்றாக நம்பியவர்கள் கூண்டோடு இழந்திருக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

தடுப்பூசி முறை சிக்கலானதல்ல. குஞ்சுக்கு 5 முதல் 7 நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து. நான்காவது வாரத்தில் மறுபடியும் சொட்டு, லசோட்டா என்ற மருந்து. எட்டு வாரம் முடிந்ததும் ஆர்2பி என்ற ஊசி, தோலுக்கு அடியில் அரை மில்லி. அம்மைக்கும் தனித் தடுப்பூசி இருக்கிறது. கொசு அதிகமாக உள்ள இடத்தில் அதையும் போட்டுக்கொள்வது நல்லது. வளர்ந்த கோழி வாங்கும் உங்களுக்கு உடனடித் தேவை அந்த ஆர்2பி ஊசிதான். விற்பவர் ‘போட்டாச்சு’ என்று சொன்னாலும், எப்போது, யார் போட்டார்கள் என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் போடவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு நடைமுறைச் சங்கடம் உண்டு. தடுப்பூசி மருந்து நூறு கோழி, இருநூறு கோழிக்கான குப்பியாகத்தான் வரும். கரைத்த மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். ஐஸ் இல்லாமல் வெயிலில் கொண்டுவந்தால் அது வெறும் தண்ணீர். ஐந்து கோழிக்காக ஒரு குப்பியை உடைப்பது யாருக்கும் கட்டுப்படியாகாது. அதனால் தெருவில் கோழி வைத்திருக்கும் பத்து வீட்டாரைச் சேர்த்துக்கொண்டு உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் பேசுங்கள். உங்கள் கோழிக்கு மட்டும் ஊசி போட்டு, பக்கத்து வீட்டுக் கோழியை விட்டுவைப்பதைவிடத் தெருவே சேர்ந்து போடுவது எல்லோருக்கும் பாதுகாப்பு. கால்நடை பராமரிப்புத் துறை வழக்கமாகப் பிப்ரவரியில் கோழிக்கழிச்சல் (இதே வெள்ளைக்கழிச்சல்தான்) தடுப்பூசி முகாமை இரண்டு வாரம் இலவசமாக நடத்துகிறது. வெயிலோடு இந்த நோய் தொடங்குவதற்கு முன்பாகவே போட வேண்டும் என்பதால்தான் அந்த மாதம். ஊசிக்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு நீக்க மருந்து கொடுத்துவிடுங்கள். சோர்ந்திருக்கும் கோழிக்கு ஊசி வேண்டாம்.

எதிர்வீட்டில் செத்த கோழிகளை எங்கே போட்டார்கள் என்று விசாரியுங்கள். வாய்க்காலிலோ குப்பையிலோ வீசியிருந்தால் நாயும் காகமும் நோயைத் தெருவெங்கும் பரப்பியிருக்கும். ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவி மூட வேண்டும். அந்த வீட்டுப் பழைய கூண்டையோ தீனித் தட்டையோ இரவல் வாங்காதீர்கள். இனி எப்போதாவது உங்கள் வீட்டில் திடீரென்று ஒரு கோழி செத்தால், மற்றவற்றை அவசரமாக விற்றுவிடாமல், செத்ததை ஒரு பாலித்தீன் பையில் கட்டிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அறுத்துப் பார்த்தால்தான் நோய் தெரியும்.

இனத்தைப் பொறுத்தவரை உங்கள் பகுதியில் பழகிய சிறுவிடையையே சொல்வேன். உடம்பு சிறியது, தீனி குறைவு, பருந்து நிழல் விழுந்தாலே குரல் கொடுத்துப் பதுங்கும், அடைகாப்பதில் கெட்டிக்காரி. பெருவிடையும் அசிலும் இறைச்சிக்கும் சேவலுக்கும் பேர்போனவை, முட்டை குறைவு. கடக்நாத் என்ற கருங்கோழிக்கு விலை அதிகம், முதல் முறை வளர்ப்பவருக்கு அது வேண்டாம்.

ஆனால் முட்டைக் கணக்கை உள்ளபடி தெரிந்துகொள்ளுங்கள். நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைதான் இடும். பத்துப் பதினைந்து முட்டை தொடர்ச்சியாக இட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். நான்கு கோழி சேர்ந்தாலும் சராசரியாக ஒரு நாளைக்கு ஒரு முட்டைக்கும் குறைவாகத்தான் வரும். குழந்தைகளுக்குத் தினம் ஆளுக்கொரு முட்டை வேண்டும் என்பது உங்கள் நோக்கமானால், ஐதராபாத்தில் உள்ள கோழியின ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய கிராமப்பிரியா போன்ற இனம் பொருத்தம். புறக்கடையிலேயே ஆண்டுக்கு 150-க்கு மேல் இடக்கூடியது. ஆனால் அதை நம்பி அடைக்கு வைக்க முடியாது, தீனியும் கூடுதலாகக் கேட்கும். முதல் ஆண்டு சிறுவிடையோடு பழகிவிட்டு அடுத்த ஆண்டு இதைப் பற்றி யோசிக்கலாம்.

வாங்கும்போது சந்தையைவிட உங்கள் ஊரிலோ அடுத்த ஊரிலோ வளர்ப்பவர் வீட்டுக்கே போய் வாங்குவது மேல். சந்தையில் பத்து ஊர்க் கோழி ஒரே கூடையில் மூச்சு விடுகிறது. கோழியைக் கையில் எடுங்கள். கண் ஈரமாகப் பளிச்சென்று இருக்கிறதா, நுரையோ நீரோ வடிகிறதா என்று பாருங்கள். மூக்குத் துளையை மெதுவாக அழுத்தினால் சளி வரக்கூடாது. காதோடு சேர்த்துப் பிடித்து மூச்சைக் கேளுங்கள். கொறகொறவென்ற சத்தம் இருந்தால் அப்படியே கீழே விட்டுவிடுங்கள். நெஞ்செலும்பு கத்திமுனைபோல் தட்டுப்பட்டால் குடலில் புழு இருக்கலாம். இறக்கைக்கு அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் இறகை விலக்கிப் பேன் பாருங்கள். ஆசனவாய் இறகில் கழிச்சல் ஒட்டியிருக்கக் கூடாது. கால் செதில் வழவழப்பாக இருந்தால் இளங்கோழி. தூக்கிக்கொண்டு சொரசொரப்பாக இருந்தால் வயதானது, அல்லது செதில்பூச்சி பிடித்தது.

வீட்டுக்கு வந்ததும் புதுக்கோழிகளை ஒரு வாரம் கூண்டைவிட்டு வெளியே விடாதீர்கள். இது தன் வீடு என்று அவற்றுக்குப் பதிய வேண்டும். அதன் பிறகு மாலை நான்கு மணிக்குத் திறந்துவிட்டால், சிறிது நேரம் மேய்ந்துவிட்டு இருட்டும் முன் தாமாகவே வந்து அடையும். பின்னாளில் புதிதாக ஏதேனும் கோழி சேர்த்தால் அதை இரண்டு வாரம் தனியே வைத்திருந்து பிறகு சேருங்கள்.

கூண்டு நான்கடி நீளம், மூன்றடி அகலம் இருந்தால் ஐந்து கோழிக்குத் தாராளம். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் கால் வைத்துக் கட்டுங்கள். தரைக்குச் சட்டங்களை இடைவெளி விட்டு அடித்தால் எச்சம் கீழே விழுந்து கூண்டு உலர்ந்தே இருக்கும். ஈரம்தான் இரத்தக்கழிச்சலுக்கு வாசல். பக்கவாட்டில் அறுகோணக் கண்ணுள்ள சாதாரணக் கோழிவலையை நம்பாதீர்கள். நாய் ஒரே இழுப்பில் கிழித்துவிடும், கீரி நுழைந்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள பற்றவைத்த கம்பிவலைதான் பாம்பையும் தடுக்கும். மேலே தென்னங்கீற்று போதும். தகரம்தான் இருக்கிறது என்றால் அதன்மேல் கீற்றைப் பரப்புங்கள்; இல்லாவிட்டால் சித்திரை வெயிலில் கூண்டு அடுப்பாகிவிடும். உள்ளே ஓரடி உயரத்தில் இரண்டங்குல அகலச் சட்டம் ஒன்றை விளிம்பு மழுக்கிக் குறுக்கே வையுங்கள். கோழி தரையில் தூங்க விரும்பாது. இருட்டான மூலையில் ஓரடிச் சதுரப் பெட்டி ஒன்றில் வைக்கோல் போட்டால் நான்கு கோழியும் மாற்றி மாற்றி அதிலேயே முட்டையிடும். கதவுக்குத் தாழ்ப்பாளோடு ஒரு கொக்கியும் போடுங்கள். பகலில் காகமும் பருந்தும் குஞ்சைத் தூக்கும், அதற்குக் கவிழ்த்து மூடும் பஞ்சாரக் கூடை இருக்கிறது. இரவில் மரநாய் வந்தால் ஒரு கோழியோடு நிறுத்தாது.

இப்போது தோட்டம். கோழி கிளறாமல் இருக்காது, அது அதன் பிறவிக் குணம். நாற்றும் கீரைப்பாத்தியும் அதன் காலில் ஒரு மணி நேரம் தாங்காது. கோழியை அடைப்பதைவிடக் காய்கறிப் பாத்தியைச் சுற்றி ஐந்தடி உயரத்துக்கு வலை கட்டிவிடுவது எளிது. தாண்டிப் பறக்கும் கோழிக்கு ஒரு பக்க இறக்கையின் நீண்ட இறகுகளை மட்டும் கத்தரித்துவிடுங்கள்; இரண்டு பக்கமும் வெட்டினால் சமநிலை கிடைத்து மறுபடி பறக்கும். தென்னை வட்டப்பாத்தியும் எருக்குழியும் கோழிக்கே உரியவை. எருக்குழியில் காண்டாமிருக வண்டின் புழுக்களைப் பொறுக்கித் தின்றுவிடும், உங்கள் தென்னைக்கு அது பெரிய உதவி. அறுவடை முடிந்த பாத்தியிலும் இரண்டு நாள் விட்டு மேயவிடலாம். கோழி எச்சத்தை நேராகச் செடிக்குப் போடாதீர்கள், தழைச்சத்து மிகுந்து வேர் கருகும். காய்ந்த சருகோடு கலந்து மக்கவைத்துப் பிறகு போடுங்கள். கத்தரிக்குப் பூச்சிமருந்து அடித்தாலோ, பக்கத்து வயலில் மருந்து கலந்த விதை விதைத்தாலோ, எலிமருந்து வைத்தாலோ கோழியை வெளியே விடக் கூடாது. அண்டை வயல்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மேய்ச்சல் இருப்பதால் ஒரு கோழிக்கு நாளுக்கு 40, 50 கிராம் தீனி போதும். கம்பு, சோளம், நொய் சேர்ந்து ஐந்து பங்கு, தவிடு இரண்டு, கடலைப்புண்ணாக்கு இரண்டு, உப்பில்லாத கருவாட்டுத்தூள் ஒன்று. முருங்கைக்கீரை உங்கள் தோட்டத்திலேயே இருக்கிறது. கிளிஞ்சல் தூளைத் தனித்தட்டில் வையுங்கள், வேண்டிய கோழி கொத்திக்கொள்ளும். இல்லாவிட்டால் ஓடு மெலிந்த முட்டை வரும், கோழியே அதை உடைத்துத் தின்னப் பழகிவிடும். பூசணம் பிடித்த புண்ணாக்கையும் மக்காச்சோளத்தையும் ‘கோழிக்குத்தானே’ என்று போட்டுவிடாதீர்கள், அதில் உள்ள நஞ்சு ஈரலைக் கெடுக்கும். ஒரு பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலைத்துண்டு போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். காலையில் எடுத்துத் தட்டினால் கரையான் கொட்டும். வளரும் குஞ்சுக்கு இதைவிட மலிவான புரதம் கிடையாது. தண்ணீர் எப்போதும் நிழலில், மண்சட்டியில், தினமும் கழுவி மாற்றியதாக இருக்க வேண்டும்.

சேவல் இல்லாமலும் கோழி முட்டையிடும். உண்பதற்கு அதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அது குஞ்சு பொரிக்காது. குஞ்சு வேண்டுமானால் எட்டுப் பத்துக் கோழிக்கு ஒரு சேவல் போதும். அடைக்கு வைக்கும் முட்டை ஒரு வாரத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது. கூடையில் மணல் பரப்பி அதன்மேல் வைக்கோல் போட்டு, இருட்டும் வேளையில் கோழியை உட்கார வையுங்கள். ஒரு சிறுவிடைக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டைக்கு மேல் வேண்டாம். ஏழாம் நாள் இரவில் டார்ச் வெளிச்சத்தில் பார்த்துக் கூமுட்டையை எடுத்துவிடலாம். 21-ஆம் நாள் பொரிக்கும். கத்திரி வெயிலில் அடைக்கு வைக்காதீர்கள், தை, மாசியில் வைத்தால் குஞ்சு நன்றாகத் தேறும். திண்டுக்கல்லில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கூண்டு கட்டுவதற்கு முன் ஒரு நாள் அங்கே போய் நாட்டுக்கோழி வளர்ப்புப் பயிற்சி எப்போது என்று கேட்டுப் பெயர் கொடுத்துவிட்டு வாருங்கள்.