நர்சிங் படித்தவர்களுக்குக் கல்லூரி வாழ்க்கை மனநிறைவாக இருந்ததா?

மகளையோ தங்கையையோ பி.எஸ்சி. நர்சிங்கில் சேர்க்கும் யோசனையில்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள ஒரு தனியார் கல்லூரியில் படித்தவள் நான். கல்லூரியின் பெயர் வேண்டாம்.

வகுப்பறையில் எனக்குக் குறையில்லை. மனக்குறை முழுவதும் வார்டு போஸ்டிங்கில், அதாவது மருத்துவமனை வார்டில் செய்யும் பயிற்சியில்தான். பத்து மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. ஆய்வுக்குழு வரும் நாளில் எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. மற்ற நாள்களில் மேடம் வருகைப்பதிவை எடுத்துவிட்டுக் கல்லூரிக்குத் திரும்பிவிட, நாங்கள் விரிப்பு மாற்றுவதும், டி.பி.ஆர். (உடல்வெப்பம், நாடி, மூச்சு) சார்ட் நிரப்புவதும், ரத்த மாதிரிகளை லேபுக்குச் சுமப்பதுமாக அந்த வார்டின் சம்பளமில்லா ஆள்களாக இருந்தோம். செய்யாத ப்ரொசீஜருக்கும் ரெஜிஸ்டரில் கையெழுத்து மட்டும் தவறாமல் விழுந்தது.

நான் உருப்படியாகக் கற்றது, எங்களுக்குக் கற்பிக்க வேண்டிய கடமையே இல்லாத ஒரு ஸ்டாஃப் சிஸ்டரிடம். 500 மி.லி. சலைனை 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், ஒரு மி.லி.க்கு 20 துளி விழும் டிரிப்ஸ் குழாய் செட் என்றால் நிமிடத்துக்கு 21 துளி என்பது தேர்வுக்கு மனப்பாடம் செய்த கணக்கு. அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்து, குழாயில் துளியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரோலரை மெல்ல நகர்த்தித் துளிகளை எண்ண வைத்தார். சரியாக அமைந்ததும் நோயாளியின் முழங்கையைச் சற்று மடக்கச் சொன்னார்; துளி தடுமாறி நின்றது. “ஒரு தடவை எண்ணிட்டுப் போயிட்டா ஆச்சா?” என்று கேட்டுவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

ஆசிரியர்களைத் தூற்றுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். குறைந்த சம்பளத்துக்கு வகுப்பு, விடுதிப் பொறுப்பு, ஆய்வுக்கான ஆவணங்கள் என எல்லாவற்றையும் அவர்கள் தலையில் கட்டிய நிர்வாகத்தைத்தான் சொல்கிறேன். எல்லாக் கல்லூரிகளும் இப்படி என்றும் சொல்லவில்லை. அரசுக் கல்லூரியில் படித்த என் தோழிக்கு நோயாளிகள் நிறைய, ஆசிரியரும் பக்கத்திலேயே.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். படிப்பு முடிந்த பிறகும், தங்கள் மருத்துவமனையிலேயே வேலை பார்த்தால்தான் அசல் சான்றிதழ்களைத் தருவோம் என்று எங்களை அலையவிட்டார்கள். கட்டணம் முழுவதும் கட்டி முடித்தவளின் மதிப்பெண் பட்டியல் எந்த நியாயத்தில் அவர்கள் பீரோவில் இருந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நான்கு ஆண்டுகளில் கிடைத்த கொஞ்ச நிறைவையும் அந்த அலைச்சல் கரைத்துவிட்டது.

2021-இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் எட்டு செமஸ்டர், பொம்மை உடல்களில் செய்து பழகும் சிமுலேஷன் லேப் எல்லாம் உண்டு. ஆனால் சேர்ப்பதற்கு முன் கட்டடத்தையும் லேபையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். ஒரு சாதாரண வேலைநாளில், காலை பத்து மணிக்கு மேல், அவர்களுடைய மருத்துவமனை வார்டில் மாணவிகளுக்குப் பக்கத்தில் ஆசிரியர் யாராவது நிற்கிறாரா என்று பாருங்கள். சான்றிதழ் விஷயத்தை அலுவலகத்தில் கேட்காமல் இறுதியாண்டு மாணவிகளிடம் கேளுங்கள்.