பாதியாய் உடைந்த சோக் குமிழ்

கேள்வி: அப்பாவின் 1958 மொறிஸ் மைனர் 1000 கார், சமாதான காலத்தில் வவுனியாவில் சித்தப்பா வீட்டில் விட்டிருந்ததால் தப்பியது. இப்போது நெடுங்கேணியில் எங்கள் மாலுக்குள் நிற்கிறது. போன கிழமை ஆறிக்கிடந்த எஞ்சினைக் கிளப்பச் சோக்கை இழுத்தபோது குமிழ் பாதியாய் உடைந்து கையோடு வந்துவிட்டது. மற்றக் குமிழ்களும் வெளிறி, எழுத்து அழிந்துபோய்க் கிடக்கின்றன. எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புது சுவிச் பூட்டலாம் என்கிறார் கராஜ்காரர். பூட்டலாமா?

பதில்: வேண்டாம். புது சுவிச்சுக்கு டாஷ்போர்ட் தகட்டில் துளையைப் பெருப்பிக்க வேண்டிவரும். பெருப்பித்த துளையைப் பிறகு சிறுப்பிக்க ஏலாது.

குமிழைத் தேட முதல், அது ஏன் உடைந்தது என்று பாருங்கள். மைனரின் எஸ்.யு. கார்புரேட்டரில் சோக் என்பது காற்றை அடைக்கிற தட்டு இல்லை. நீங்கள் இழுக்க, அடியில் இருக்கும் ஜெட், அதாவது பெற்றோல் வருகிற சின்னக் குழாய், கீழே இறங்கும். பெற்றோல் கூடப் போகும். பெற்றோல் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடின கார் என்றால் அந்த ஜெட்டைச் சுற்றிப் பிசின் மாதிரிப் படிந்திருக்கும். கேபிளுக்குள் நம்மூர்ப் புழுதி வேறு. இரண்டும் இறுகினால் பாரம் முழுக்கக் குமிழின் கழுத்தில்தான். கேபிளைக் கழற்றி, நிமிர்த்திக் கட்டி, மேல் நுனியில் மெல்லிய எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊற விடுங்கள். ஜெட்டைத் துடையுங்கள். இரண்டு விரலால் இழுபடுகிற வரைக்கும் புதுக்குமிழ் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

இனிக் குமிழ். சோக் குமிழும் ஸ்ராட்டர் குமிழும் பெரும்பாலும் ஒரே உருவம். வேனியர் அளவுகோலால் அளந்து உறுதிப்படுத்துங்கள். ஸ்ராட்டர் குமிழைக் கேபிளோடு எடுத்து, அதிலுள்ள 'எஸ்' எழுத்துப் பள்ளத்தைப் பிள்ளைகளின் களிமண்ணால் நிரப்பி மட்டமாக்கி, சிலிக்கனில் அச்செடுங்கள். கம்பி நுழைகிற துளைக்கு, அதே பருமனான ஆணியில் கிறீஸ் பூசி அச்சின் நடுவே நிறுத்த வேண்டும். கறுப்புச் சாயம் கலந்த இரண்டு பாக ரெசினை நூல் மாதிரி மெல்லிதாக ஊற்றுங்கள், காற்றுக்குமிழி குறையும். எங்கள் வெயிலில் மத்தியானம் கலந்தால் கோப்பைக்குள்ளேயே இறுகிவிடும். விடியற்காலையில் செய்யுங்கள். இறுகிய பிறகு 'சி' எழுத்தைக் கீறி, வெள்ளை எனாமல் விட்டு, மேலே வழிந்ததை ஈரம் காய முதல் துடைத்துவிட்டால் சரி.

கடைசல்காரர் தெரிந்தவரென்றால் இன்னொரு வழி, கருங்காலி. புது மரம் தேடிக் காட்டுக்குள் போகாதையுங்கோ; உடைந்த பழைய கதிரைக்கால் ஒன்று போதும். எண்ணெய் தேய்த்த கருங்காலிக்கும், பழைய குமிழ்கள் செய்த பேக்கலைட் பிளாஸ்டிக்குக்கும் ஒரு முழம் தள்ளி நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. எனக்கென்றால் இதுதான் பிடிக்கும்.

வெளிறின மற்றவை பழுதில்லை, மேற்பரப்புத்தான் மங்கியிருக்கிறது. சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, 1500, 2000 ஈர மட்டத்தாள் பிடித்து, பித்தளை மினுக்குகிற பிராஸோவால் மினுக்குங்கள். துணியில் மஞ்சளாய்க் கறை இறங்கினால் பயப்பட வேண்டாம், பேக்கலைட் அப்படித்தான். தின்னர் மட்டும் வேண்டாம், மிச்ச எழுத்தும் போய்விடும்.

சுவிச் குமிழ்களைத் திருப்புளியால் நெம்பாதீர்கள். கழுத்தில் ஊசி நுழைகிற அளவு துளை இருந்தால் உள்ளே ஸ்பிறிங் ஊசி இருக்கிறது; அதை அமத்திக்கொண்டு இழுத்தால் வழுகி வரும். அதற்கு முதல் பற்றரி வயரைக் கழற்றுங்கள். அந்தக் கால மைனருக்குப் பொசிட்டிவ்தான் ஏர்த் (கார் உடம்போடு தொடுத்த வயர்), முதலில் கழற்ற வேண்டியதும் அதுதான்.

ஸ்ராட்டர் குமிழ் அச்சுக்குப் போன நாளில் காரை எடுக்க வேண்டி வந்தால், முன்னுக்கு எஞ்சினைச் சுற்றுகிற கைபிடி போடும் துளை இருக்கிறது. சித்தப்பாவைக் கூப்பிட்டுச் சுற்றச் சொல்லுங்கள்.